ஆறு மூவில் ஒரு சம்பந்தம்

ஜூலை 13, ஞாயிறு

கம்பெனி ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இன்று எழுதக் காரணம் எரிச்சல்.

காலையில் ஈரோட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். அம்மா, அப்பா, திருமூர்த்தி சித்தப்பா, நான். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கிளம்பும்போது பெண்ணின் அப்பா சென்னியப்பன் கைகூப்பி, "நாலு நாள்ல ஆடி பொறக்குதுங்க. ஆடி கழியட்டும், யோசிச்சுச் சொல்றோம்" என்றார். எங்கள் வீட்டாரும் "அதுவும் சரிதானுங்க" என்று தலையாட்டிவிட்டார்கள். ஆவணி பிறக்க ஆகஸ்ட் பதினேழு ஆகும். நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினியர். மோட்டாரை பெஞ்சில் ஏற்றினால் அரை மணியில் சொல்லிவிடுவேன்: பாஸ், ஃபெயில், ரீவொர்க். ஒரு ஆளைப் பார்த்து முடிவு சொல்ல ஒரு மாதம் எதற்கு?

பெண்ணின் பெயர் மிருதுளா. பிசியோதெரபிஸ்ட். தனியாகப் பேசச் சொல்லி எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். முதல் கேள்வியே அவள்தான் கேட்டாள்.

"நீங்க எப்பவுமே இப்படித்தான் உக்காருவீங்களா?"

"எப்படி?"

"கழுத்தை முன்னாடி நீட்டிக்கிட்டு, ஆமை மாதிரி. பத்து வருசத்துல டிஸ்க் போயிரும்."

பெண் பார்க்கப் போன இடத்தில் என்னை ஆமை என்று சொன்ன முதல் ஆள். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். அவள் அப்பா பெயின்ட் கடை வைத்திருக்கிறார், ஆனால் உயிர் செஸ்ஸில். போட்டிகளில் ஆடி ரேட்டிங் வாங்கியவர். நானும் ரேட்டிங் உள்ளவன் என்று தெரிந்ததும் கீழே அவர் முகம் ட்யூப்லைட் போட்ட மாதிரி ஆனதைப் பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணுங்க. அப்பா என்னைக்காவது உங்களை ஆடக் கூப்பிடுவாரு. அப்ப விட்டுக்குடுத்துராதீங்க."

"ஏன் விட்டுக்குடுக்கணும்?"

"போன வருசம் ஒருத்தரு பாக்க வந்தாரு. ஜெயிக்கற ஆட்டத்துல ராணியைத் தூக்கிக் குடுத்துட்டு, 'உங்க கிட்ட நெறைய கத்துக்கணும் அங்கிள்'னு பல்லைக் காட்டினாரு. அப்பா அன்னைக்கே புரோக்கருக்குப் போன் போட்டு வேண்டாம்னுட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் சொல்றதுக்குள்ள அப்பா முந்திக்கிட்டாரு. எனக்கும் அந்த மாதிரி ஆளு ஆகாது."

"நான் இதுவரைக்கும் யாருக்கும் விட்டுக்குடுத்ததில்லைங்க. தோத்ததெல்லாம் சொந்த உழைப்பு" என்றேன்.

சிரித்தாள். உண்மையைத்தான் சொன்னேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சிரிப்பு நன்றாக இருந்தது, அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

பதில் வந்ததா என்று அம்மாவைக் கேட்டேன். "நேத்துத்தானடா கண்ணு போயிட்டு வந்தோம்" என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி இரண்டு. சப்மெர்சிபிள் பம்ப் நாற்பதில் மூன்று ஃபெயில், எல்லாம் சீல் கோளாறு. சப்ளையரைத் திட்டினேன். மேனேஜர் என்னைத் திட்டினார், இன்னும் மரியாதையாகத் திட்டியிருக்கலாமாம்.

மிருதுளா கழுத்துப் பயிற்சி வீடியோ ஒன்று அனுப்பியிருக்கிறாள். செய்து பார்த்தேன். வலிக்கிறது. 'நன்றி' என்று மட்டும் பதில் அனுப்பினேன். பிறகு பேச்சு கொஞ்சம் வளர்ந்தது. செஸ் பற்றித்தான், பெரும்பாலும். ஃபோன் சார்ஜ் தீர்ந்ததால் நின்றது.

ஜூலை 20, ஞாயிறு

ஆடியில் ஒரே ஒரு நன்மை. கல்யாணம் இல்லாததால் மண்டபமெல்லாம் காலி, வாடகை பாதிக்குப் பாதி. அதனால் நம் பக்கத்தில் செஸ் போட்டிகள் ஆடியில்தான் மொய்க்கும். வரும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஈரோட்டில் ஒரு மண்டபத்தில் ரேட்டிங் டோர்னமென்ட். போன மாதமே பணம் கட்டிவிட்டேன். பெண் பார்க்கும் பேச்சு வருவதற்கு முன்பே. ஈரோடு என்பதால் கட்டவில்லை.

மாலையில் மிருதுளா கூப்பிட்டாள்.

"அப்பாவும் பேரு குடுத்திருக்காரு, தெரியுமா?"

"நூத்தி அறுபது பேரு ஆடறாங்க. அவரோட எனக்கு விழறதுக்கு சான்ஸ் ரொம்பக் கம்மி."

"ரெண்டு பேரும் ஜெயிச்சுக்கிட்டே வந்தா விழும்ல?"

அது சரிதான். ஒரே பாயின்ட் வைத்திருப்பவர்களைத்தான் கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கும். ஆனால் நான் தொடர்ந்து ஜெயித்து ரொம்ப நாளாகிவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

இரண்டு ரவுண்டு, இரண்டும் வெற்றி. எனக்கே ஆச்சரியம்.

கல்யாண மேடையில் போன முகூர்த்தத்துப் பிளாஸ்டிக் பூ வளைவு அப்படியே நிற்கிறது. அதன் கீழே நடுவர்கள் மாலை போடாத மாப்பிள்ளைகள் போல வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சென்னியப்பன் வீட்டிலிருந்து சின்ன மெத்தை, ஃபிளாஸ்க் எல்லாம் கொண்டுவந்து ரயிலில் இடம் பிடித்த மாதிரி அமர்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்க தம்பி. எத்தனை?"

"ரெண்டுங்க."

"நானும் ரெண்டுங்க" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க் மூடியில் எனக்குக் காபி ஊற்றினார். நல்ல மனிதர். கொஞ்சம் மெதுவானவர். அவர் ஆட்டம்தான் கடைசியாக முடிந்தது.

சாயங்காலம் மூன்றாம் ரவுண்டு ஜோடி வெளியானது. ஒன்பதாவது போர்டு. வெள்ளை: சென்னியப்பன். கறுப்பு: தரணிதரன், அதாவது நான்.

வீட்டுக்குச் சொன்னது தப்பு. சித்தப்பா ஃபோனில் குதித்தார். "டேய், கடவுளாப் பாத்துக் குடுத்த சந்தர்ப்பம்டா! நெம்ப நேரம் ஆடு, கடைசியா தோத்துப்போ. கௌரவமாத் தோக்கணும், புரியுதா?" அம்மா, "டிரா பண்ணிக்கோ கண்ணு, ரெண்டு பேருக்கும் மனசு நோகாது" என்றாள். மிருதுளா ஒரே வரி அனுப்பினாள்: 'சொன்னது ஞாபகம் இருக்குல்ல?'

இருக்கிறது. ஜெயிக்கத்தான் போகிறேன். என் வழக்கம், ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைத் தூக்கி எறிந்துவிட்டு எதிராளி ராஜாவைத் துரத்துவது. பாதி ஆட்டங்களில் என் ராஜாதான் ஓடும். நாளைக்கு அது வேண்டாம். முதல் முறையாகப் பொறுமையாக ஆடப் போகிறேன். கேரோ கான் டிஃபென்ஸ். கறுப்புக்கு அதைவிடப் பாதுகாப்பான ஓபனிங் கிடையாது. காய்கள் நிதானமாக வெளியே வரும், யாரும் சீக்கிரம் சாக மாட்டார்கள். அவருடைய பழைய ஆட்டங்களை நெட்டில் எடுத்துப் பார்த்தேன். கேரோ கானுக்கு எதிராக ஐந்தாவது மூவில் எப்போதும் குதிரையைத்தான் வெளியே கொண்டுவருகிறார். ஒரு ஆட்டத்தில்கூட மாறவில்லை. அதற்குப் பதிலாக நானும் என் ராஜா பக்கத்துக் குதிரையை எஃப்-6 கட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து பதினேழாவது மூவ் வரை மனப்பாடம் செய்துவிட்டேன். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன், மிருதுளாவுக்கும் அப்படித்தான் பதில் அனுப்பினேன்.

ஜூலை 26, சனி

ஆறு மூவில் தோற்றேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கை குலுக்கினோம். அவர் ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயை ஏற்றினார், நான் கேரோ கான் போட்டேன். நான்கு மூவ் வரை எல்லாம் படித்தபடி. மளமளவென்று ஆடினேன். அவர் ஐந்தாவது மூவ் யோசிக்கிற நேரத்தில் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். அண்ணாந்திருக்கும்போதே அவர் கை ராஜா பக்கம் போய்த் திரும்பியதும், கடிகாரத்தை அழுத்தியதும் தெரிந்தது. குதிரை வந்தாயிற்று. இடது கையால் பாட்டிலைக் கீழே வைத்தேன், வலது கையால் என் குதிரையை எஃப்-6-இல் வைத்தேன், கடிகாரத்தைத் தட்டினேன், அதற்கப்புறம்தான் பலகையைப் பார்த்தேன்.

அவர் ஆடியது குதிரை இல்லை. ராணி. ராஜாவுக்கு முன்னால், ஈ-2-வில் ராணி.

அந்த ராணி அங்கே இருந்தால் என் ராஜா முன்னால் இருக்கும் சிப்பாய் அசைய முடியாது, அசைந்தால் ராஜா நேராக ராணியின் வாயில். அவருடைய குதிரை டி-6-க்குத் தாவினால் செக். அதைச் சிப்பாயால் வெட்ட முடியாது. ராஜா ஓட இடமில்லை, சுற்றிலும் என் சொந்தக் காய்களே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. மேட். பழைய பொறி. பயிற்சி வகுப்பில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள். அதுவும் சரியான பதில் அதே எஃப்-6 கட்டம்தான். ஆனால் இன்னொரு குதிரையை அங்கே வைக்க வேண்டும். வைத்திருந்தால் என் ராணிக்கு வழி திறந்து, தாவி வரும் அவர் குதிரையை வெட்டியிருக்கும். கட்டம் சரி, குதிரை தப்பு.

அவர் உடனே ஆடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்ட் கடைக்காரர் முகம் மெல்லச் சிவப்பானது. பிறகு ரகசியமாக, "பாத்துத்தான் வெச்சீங்களா?" என்றார்.

"ஆட்டத்துல பேசக் கூடாதுங்க" என்றேன். விதி அதுதான். இப்போது யோசித்தால் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

குதிரையை எடுத்து டி-6-இல் வைத்தார். 'மேட்' என்றுகூடச் சொல்லவில்லை. ஈரப் பெயின்டைத் தொடுவது போல என் கையைத் தொட்டார்.

"நல்லதுங்க சார்."

நேற்றுவரை தம்பி. இன்று சார்.

நடுவர் ஓடி வந்தார். ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே ரிசல்ட் வந்தால் அவருக்குச் சந்தேகம் வரும். "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

மத்தியான ரவுண்டில் யாரோ ஒரு வங்கிக்காரரை முப்பது மூவில் நொறுக்கினேன். அந்தக் கோபம் அவருக்குச் சேர வேண்டியதில்லை, பாவம்.

ஜூலை 27, ஞாயிறு

கடைசி மூன்று ரவுண்டில் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. யாருக்கு வேண்டும்?

வீடு திரும்பினால் அம்மா பாயசம் வைத்திருக்கிறாள். சித்தப்பா கட்டிப்பிடித்தார்.

"ஆறே மூவு! நான் நெம்ப நேரம் ஆடித் தோக்கச் சொன்னேன். நீ பாரு, காலடியில விழுந்த மாதிரி தோத்திருக்கே. பொண்ணோட அம்மா போன் பண்ணுச்சு. இப்படி மரியாதை தெரிஞ்ச பையன் கெடைக்க மாட்டான்னு ஊரு பூரா பேச்சாம்!"

"சித்தப்பா, அது மரியாதை இல்லை. நான் பலகையைப் பாக்கலை."

"ஆமாமா, பாக்கலை" என்று கண்ணடித்தார். "வெளிய அப்படியே சொல்லு. அதுதான் அடக்கம்."

மிருதுளாவுக்கு நான்கு முறை ஃபோன் அடித்தேன். ஐந்தாவது முறை எடுத்தாள்.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"நான் பண்ணலை. தண்ணி குடிச்சேன்."

"அப்பா கிட்டப் பத்து வயசு வரைக்கும் நானும் செஸ் கத்துக்கிட்டேன். அந்த மேட் எனக்கே தெரியும். பதினேழு மூவ் மனப்பாடம் பண்ணின ஆளுக்குத் தெரியாதா?"

"தெரியும். பாக்கலை."

"சத்தியமா விட்டுக்குடுக்கலையா?"

"விட்டுக்குடுக்கறதுக்கும் கொஞ்சம் யோசிக்கணும்ங்க. நான் யோசிக்கவே இல்லை."

பிறகு, "அப்பா நேத்து ராத்திரி சாப்பிடலை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

கம்பெனியில் ஒரு பம்ப் திரும்பி வந்தால் ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூலக்காரணம் கண்டுபிடித்து ரிப்போர்ட் எழுத வேண்டும். அதே மாதிரி ஒன்று எழுதி மிருதுளாவுக்கு அனுப்பினேன். ஏன் தோற்றேன்? குதிரை தப்பு. ஏன் தப்பு? ராணியைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? குதிரை வரும் என்று நினைத்தேன். ஏன் நினைத்தேன்? மனப்பாடம். ஏன் மனப்பாடம்? அவள் அப்பாவை ஜெயிக்க வேண்டும் என்பதால். இரண்டு பக்கம், படத்தோடு.

பதில்: 'ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்கு. இவ்ளோ யோசிக்கற ஆளு பாக்காம ஆடினாருன்னு எப்படி நம்பறது?'

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. அம்மா ஐந்து வகைச் சாதம் கிளறினாள். தேங்காய் சாதம் மட்டும் சாப்பிட்டேன்.

மிருதுளாவே கூப்பிட்டாள். கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதற்காகக் கூப்பிடவில்லை என்று தெரிந்தது, எனவே நேராகக் கேட்டேன். சொன்னாள். வீட்டில் அம்மா, மாமா, அத்தை எல்லாரும் சரி என்கிறார்கள். அப்பா ஒருத்தர்தான் மாட்டேன் என்கிறார்.

"கோவமா?"

"கோவம்னா பரவால்லீங்க. செஸ் போர்டை அலமாரி மேல ஏத்தி வெச்சுட்டாரு. கடையில ஆளு வந்து ஆடக் கூப்பிட்டாலும் வேண்டாங்கறாரு. 'என்னைக் கெழவன்னு நெனச்சுப் பிச்சை போட்டுட்டான். நான் ஆடினா எல்லாரும் இப்படித்தான் விட்டுட்டு இருந்தாங்களோ என்னமோ'ங்கறாரு."

தோற்றது நான், ஆட்டத்தை இழந்தது அவர். இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"எனக்குப் பொய் சொல்ற ஆளு ஆகாதுங்க. நீங்க அப்படி இல்லைன்னு தோணுது. ஆனா அந்த மூவு..." என்று இழுத்தாள். "அப்பா வேண்டாம்னா நானும் வேண்டாம்னுதான் சொல்ல வேண்டி வரும். அந்த ஒரு மூவுக்குப் பதில் இல்லாம நான் அவர் கிட்ட என்னன்னு சண்டை போடறது?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெஞ்சில் ஒரு மோட்டாரைத் தலைகீழாக இணைத்துவிட்டேன். எதிர்ப்பக்கம் சுற்றியது. ஹெல்ப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு டீ வாங்கித் தந்தேன், வெளியே சொல்லக் கூடாது என்று.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சித்தப்பா ஒரு யோசனையோடு வந்தார். நான் ஈரோட்டுக்கு ஃபோன் செய்து, ஆமாம், மரியாதைக்காக வேண்டுமென்றேதான் தோற்றேன், மன்னித்துக்கொள்ளுங்கள், இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல்ல வேண்டுமாம்.

"மன்னிப்புக் கேட்டா யாரு வேண்டாம்பாங்க? சோலி முடிஞ்சுது."

"செய்யாததுக்கு எதுக்கு மன்னிப்பு?"

"பொண்ணு வேணுமா, வேண்டாமாடா?"

"அது வேற கேள்வி."

"வேணுமா?"

"சாப்பாடு ஆறுது, எந்திரிங்க" என்றேன். சித்தப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். இந்தச் சிரிப்புக்கு எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி முடிந்தது. நாளை ஆவணி ஒன்று. நாளை மாலைக்குள் பதில் சொல்லிவிடுவார்களாம். என்ன பதில் என்று தெரிந்துவிட்டது, மிருதுளா இன்று முழுக்க மெசேஜ் அனுப்பவில்லை.

பெண் வீட்டுக்குப் பையன் தனியாகப் போகக் கூடாது என்கிறார்கள். போகப் போகிறேன். வீட்டில் சொல்லவில்லை. வண்டிக்குப் பெட்ரோல் போட்டாயிற்று. நீலச் சட்டை இஸ்திரி போட்டாயிற்று. வெள்ளையும் போட்டு வைத்தேன். பிறகு மறுபடி நீலம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை ஆறரைக்கு பைக்கை எடுத்தேன். வழி முழுக்கப் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தெரு ஞாபகம் இருந்தது. பச்சை கேட் ஞாபகம் இருந்தது. பச்சை கேட்டைக் கண்டதும் நிறுத்தி, செருப்பைக் கழற்றி, உள்ளே போய்விட்டேன்.

ஒல்லியாக, பெரிய மீசையோடு ஒருவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று வீட்டில் பதினைந்து பேர் இருந்தார்கள். யாரோ பெரியப்பா என்று வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் வந்தவரை யார் என்று கேட்க மாட்டார்கள், கேட்டால் மரியாதை இல்லை. "வாங்க, வாங்க தம்பி, உக்காருங்க. ஏ புள்ளே, தண்ணி கொண்டா" என்றார். தண்ணீர் வந்தது. காபியும் வந்தது. சென்னியப்பன் இருக்கிறாரா, கூப்பிடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பெரியப்பாவிடம் சொன்னாலும் போய்ச் சேரும் என்று ஆரம்பித்துவிட்டேன்.

"நேரா விசயத்துக்கு வர்றேனுங்க. அன்னைக்கு நடந்தது முழுக்க என்ற தப்பு. வேணும்னு பண்ணலை. கவனிக்கலை, அவ்வளவுதான். தண்ணி குடிச்சுக்கிட்டே பண்ணினது."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். கண் கலங்கியது போல இருந்தது.

"போச்சாது விடுங்க தம்பி. கண்ணாடி மட்டுந்தான் ஒடஞ்சுது. ஸ்கூட்டருக்கு ஒண்ணும் ஆகலை. இந்தக் காலத்துல இடிச்சவன் எவன் வீடு தேடி வந்து சொல்றான்? நீங்க நல்லா இருக்கோணும். ஆனா தம்பி, வண்டி ஓட்டறப்ப தண்ணி குடிக்காதீங்க."

எந்த ஸ்கூட்டர்?

அப்போது மேலே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அண்ணாந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில், கையில் ஈரத் துணியோடு மிருதுளா. சிரிப்பு தாங்காமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா! அப்பா, இங்க வந்து பாருங்க!"

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் தலை எழுந்தது.

"நீங்களா? அங்க எதுக்குங்க போனீங்க?"

"பச்சை கேட்டுங்க" என்றேன்.

"என்ற கேட்டு இப்பக் காப்பிக் கலருங்க. போன வாரம் அடிச்சேன். மிச்சம் இருந்த பச்சையைத்தான் இவருக்குக் குடுத்தேன். கேட்டு மேல இவரு பேரு எழுதியிருக்குதே, பாக்கலீங்களா?"

"இல்லைங்க."

"கதவு நம்பரு?"

"இல்லைங்க."

"இந்த வீட்டுக்கு மாடியே இல்லை. என்ற வீட்டு மாடியில ஏறி நின்னு பேசினீங்க! சரி, உள்ள வந்தீங்க. இவரு மீசையைப் பாத்துமா சந்தேகம் வரலை?"

"பச்சையைப் பாத்தேன், வந்துட்டேன்."

அவர் சுவரின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஒன்பதாவது போர்டில் பார்த்த அதே பார்வை. ஆனால் இந்த முறை முகம் சிவக்கவில்லை. உதடு ஓரத்தில் ஏதோ நடுங்கியது.

"அப்ப... அன்னைக்கும்?"

"அதேதானுங்க. குதிரைன்னு நெனச்சேன். ராணியப் பாக்கலை."

"வேணும்னு வெக்கலை?"

"வேணும்னு வெக்கறவன் நாப்பதாவது மூவுல வெப்பானுங்க. ஆறாவது மூவுல எவன் மானத்தை வித்துக்குவான்?"

சென்னியப்பன் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் என்னைப் பார்த்து, மறுபடியும் சிரித்தார். மீசைக்காரரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "அப்ப ஸ்கூட்டரை இடிச்சது நீங்க இல்லீங்களா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

காப்பிக் கலர் கேட் வழியாகச் சரியான வீட்டுக்குள் போனேன். மிருதுளா படியில் இறங்கி வந்தாள். வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது, "கழுத்தை நேரா வெச்சிருந்தா நம்பராச்சும் கண்ணுல பட்டிருக்கும்" என்றாள். அவள் கண்ணோரம் ஈரமாக இருந்தது. அவ்வளவு நேரம் சிரித்தால் அப்படித்தான் ஆகும்.

சென்னியப்பன் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து போர்டை எடுத்தார். தூசியைத் துண்டால் தட்டினார்.

"ராணிய எதுக்கு அங்க வெச்சேன்னு தெரியுமுங்களா? பொறி வெக்கறதுக்கில்லை. இந்தக் காலத்துப் பசங்க கம்ப்யூட்டர்ல படிச்சுட்டு வருவாங்க. என்னால அதுக்கு ஈடு குடுக்க முடியாது. அதனால ரெண்டு பேருக்கும் தெரியாத பாதைக்கு உங்களை இழுக்கலாம்னு பாத்தேன். பயத்துல ஆடினது. நீங்க என்னடான்னா..." மறுபடி சிரிப்பு. "உக்காருங்க. நான் வெள்ளை."

மிருதுளா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அம்மா உப்புமா கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்றைக்காவது பையன் நல்லபடியாகத் தோற்க வேண்டுமே என்ற முகத்தோடு நின்றார்.

கேரோ கான். நான்கு மூவ் அதே மாதிரி. ஐந்தாவது மூவில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ராணியை எடுத்து, நிதானமாக, ஈ-2-வில் வைத்தார். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். பலகையைப் பார்த்தேன். ராணியைப் பார்த்தேன். எல்லாக் காய்களையும் ஒரு தடவை பார்த்தேன். பிறகு ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து இன்னொரு குதிரையை எஃப்-6-இல் வைத்தேன்.

"அது!" என்றார் அவர்.

குதிரைகள் ஒரு ஜோடி வெட்டுப்பட்டன. என் நிலை நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது, நான் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுபவர்கள் சரிபார்க்கலாம். பிஷப்பை வெளியே எடுத்துவிட்டு, ராஜாவைக் கோட்டைக்குள் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்த வேண்டும். எந்த வரிசையில் செய்வது என்று பொறுமையாக யோசித்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக எதையும் யோசித்ததில்லை. உப்புமா ஆறிவிட்டது.

அப்போது சென்னியப்பன் சொன்னார்:

"சட்டுனு ஆடுங்க மாப்பிள்ளை, கடை தொறக்கோணும்."

எதிராளியின் கவனத்தைக் கலைப்பது விதிப்படி தவறு. புகார் செய்ய நடுவர் யாரும் இல்லை. பக்கத்தில் இருந்தவள் தலையைக் குனிந்து உப்புமாவில் முந்திரி தேடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பட்டென்று சமையலறைக்குள் போய், ஃபோனில் யாரிடமோ "ஏனுங், மாப்பிள்ளைன்னு சொல்லிப்போட்டாரு!" என்றார்.

பிஷப்பை எடுக்கப் போன என் கை ராஜாவைத் தொட்டுவிட்டது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்தினேன். ராஜா ஒருமுறை நகர்ந்துவிட்டால் கோட்டைக்குள் போக முடியாது, கோட்டை போயிற்று. நடு மைதானத்தில் நின்ற ராஜாவை அவர் கொஞ்சமும் இரக்கமில்லாமல் துரத்தினார். முப்பத்தோராவது மூவில் தோற்றேன்.

இந்த முறை யாரும் சந்தேகப்படவில்லை.